பண்டம் கொள்ளும் திறன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், விருதுநகரிலிருந்து தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் இரண்டு உள. ஒன்று திருவில்லிபுத்தூர், மற்றொன்று இராசபாளையம். ஆண்டாள் பிறந்த பதி என்னும் பெருமையும், பதினொரு நிலைகளோடு வானளாவி நிற்கும் கோபுரமும் முன்னதற்கு உரியன. பஞ்சாலைகளால் பெயர் பெற்றது பின்னது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதே. ஆயினும், இவற்றில் நடைபெறும் இருவேறு தொழில்கள், பண்டம் வாங்கும் முறையில் ஒன்றுக்கொன்று நேர்மாறாக நிற்றலைக் காணலாம்.

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா நாடறிந்தது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. அதனைக் கிண்டுவோர் பாலை அன்றன்றே கொள்வர். கொண்ட பாலை அன்றே அடுப்பில் ஏற்றுவர். விலை மலிந்திருக்கிறது என்று ஒரு வாரத்துக்கு வேண்டிய பாலை ஒரே நாளில் வாங்கி வைப்பார் எவரும் இலர். ஆனால் அதே கொட்டகையின் ஒரு மூலையில் சர்க்கரை மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். புறத்தே விறகும் குவிந்திருக்கும். பால் ஒரு பொழுதில் திரியும். சர்க்கரையோ ஈரம் படாதவரை கெடுவதில்லை. ஒரே அடுப்புக்கு வேண்டிய பொருள்களிலேயே ஒன்று நாள்தோறும் வாங்கத் தக்கது. மற்றொன்று மூட்டையாக வாங்கத் தக்கது.

இராசபாளையத்துப் பஞ்சாலைகளின் கணக்கு வேறு. பருத்தி ஆண்டு முழுதும் ஒரே அளவில் சந்தைக்கு வருவதன்று. அறுவடைக் காலத்தில் பெருகி வரும், பின்னர் அருகும். எனவே ஆலையார் வரத்து மிக்க காலத்தில் பல திங்களுக்கு வேண்டிய பஞ்சுப் பொதிகளை வாங்கிக் கிடங்கில் அடுக்குகின்றனர். அவ்வாறு அடுக்கும்போது விலையை மட்டும் அவர்கள் நோக்குவதில்லை. பஞ்சில் முடங்கிய பணத்துக்கு வட்டி எவ்வளவு, கிடங்குக்குச் செலவு எவ்வளவு, தீப்பற்றாமல் காப்பதற்கும் காப்பீட்டுக்கும் ஆவது எவ்வளவு என்று இவையனைத்தையும் கூட்டிப் பார்த்த பின்னரே எத்தனை பொதி வாங்கலாம் என்று முடிவு செய்வர். இக்கணக்கைத் தவறாகப் போட்ட ஆலை, நூல் நன்றாக நூற்றும் நட்டம் அடையக்கூடும்.

பால்கோவாக் கொட்டகையிலும் பஞ்சாலையிலும் நடைபெறும் இந்த ஆராய்ச்சி, ஒவ்வோர் இல்லத்திலும் நடைபெற வேண்டியதே. கூலிநாள் வந்ததும், ஒரு திங்களுக்கோ ஆறு திங்களுக்கோ வேண்டிய பண்டங்களை வாங்கப் புகும் குடும்பத்தார், எதனை மூட்டையாகக் கொள்வது, எதனைக் கைப்பிடி அளவாகக் கொள்வது என்று தெளிதல் வேண்டும். செல்வருக்கு இது சிக்கனம் பற்றிய செய்தி. எண்ணிப் பெறும் ஊதியத்தில் வாழ்வோர்க்கோ, திங்கள் இறுதியில் அடுப்பு எரிவதும் எரியாததும் இதனைப் பொறுத்தன.

நம் முன்னோர் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை கொண்டனர். படி, மரக்கால், கலம் என்னும் முகத்தல் அளவைகளும், பலம், வீசை என்னும் நிறுத்தல் அளவைகளும் வழங்கிய காலம் அது. 1956-ஆம் ஆண்டின் சட்டத்தால் மெட்ரிக் அளவைகள் புகுந்த பிறகே கிலோகிராமும் லிட்டரும் கடைத்தெருவுக்கு வந்தன. பிசான நெல் அறுவடையாகும் தை, மாசித் திங்களில் வீட்டுக்கு வேண்டிய நெல் முழுதும் வந்து சேரும். தென்மாவட்டத்தார் குலுக்கை என்று வழங்கிய மண்ணாலாகிய பெருங்கலத்தில் அதனை நிரப்பி, மேல்வாயை மூடி மெழுகிவிடுவர். வேண்டும்போது அடிப்புறத் துளையைத் திறந்து நெல்லை வாங்கிக் குத்திக்கொள்வர். மாசி முதல் சித்திரை வரையில் புளியும் வற்றல் மிளகாயும் வரும். துவரையும் தை தொட்டு வரத் தொடங்கும். அவ்வப் பண்டத்தை அவ்வக் காலத்தில் கொண்டால் விலை குறைவு, சரக்கும் புதிது. கோடை வெயில் அடுத்திருத்தலால் நன்கு உலர்த்தி வைக்கவும் இயலும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும்போது அதே பண்டத்தை வாங்குவோர், விலையும் மிகுதியாகக் கொடுத்து ஈரத்தையும் சேர்த்து வாங்குகின்றனர்.

இந்தப் பகுதியில் வாழ்வோர்க்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. மிளகாய், மல்லி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் மொத்த வாணிகத்தில் பழம்புகழ் பெற்ற விருதுநகர் அருகிலேயே உள்ளது. தூத்துக்குடி உப்பளங்களும் தொலைவில் இல்லை. தமிழ்நாட்டின் பல பகுதிகளுக்குப் பலசரக்கு பரவும் வாயிலிலேயே இவ்வூரார் இருக்கின்றனர். ஆயின் வாயிலில் இருப்பதாலேயே எல்லாவற்றையும் அள்ளி வரலாம் என்பதன்று. விலை மலிவு என்பது பண்டத்தின் குணங்களில் ஒன்று மட்டுமே. முதலில் கேட்க வேண்டிய வினா, அப்பண்டம் எத்தனை நாள் நிற்கும் என்பது.

அரிசியும் பயறும் பார்வைக்கு உலர்ந்த பொருள்கள். கெடாதவை போலத் தோன்றும். ஆனால் அவற்றைத் தமக்கே உரியவை என்று கருதும் சிற்றுயிர்கள் உள. அரிசிக் கூன்வண்டு நீண்ட மூக்கினை உடையது. பெண்வண்டு அரிசிமணியில் நுண்ணிய துளை இட்டு, அதனுள் ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற பொருளால் துளையை அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே பிறந்து, மணியை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வண்டாகி வெளியே வரும். ஆகவே, கடையில் கையில் அள்ளிப் பார்க்கும்போது தூய்மையாகத் தோன்றிய அரிசி, வீட்டில் ஒரு திங்கள் இருந்தபின் வண்டு மொய்த்திருப்பதைக் கண்டு கடைக்காரரைக் குறை கூறுவதும், வீட்டுக் கலத்தைக் குறை கூறுவதும் ஒருசேர நிகழும். சில சமயம் இரண்டும் குற்றமற்றவை. முட்டை வயலிலிருந்தோ கிடங்கிலிருந்தோ மணிக்குள் ஒளிந்து வந்ததாகும்.

பயறு வண்டு இத்துணை மறைவாகச் செயல் புரிவதில்லை. அது பயற்றின் மேல்தோலிலேயே முட்டையை ஒட்டி வைக்கும். பயற்றின்மேல் வெண்புள்ளிகள் தென்பட்டால் அவை பெரும்பாலும் வண்டின் முட்டைகளே. வெப்ப மிக்க நம் நாட்டில் முட்டை வண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் போதும். ஒரு பெண்வண்டு நூற்றுக்கு அணித்தான முட்டைகளை இடவல்லது. அவற்றுள் பாதி பெண்ணாகிப் பிழைத்து அவ்வாறே முட்டையிடுமாயின், இரண்டாம் தலைமுறையில் தொகை ஐயாயிரம் ஆகும். முதல் திங்களில் ஒன்றும் தெரியாமல் இருந்த பானை, மூன்றாம் திங்களில் மாவும் ஓட்டையுமாக நிற்பதன் காரணம் இதுவே.

முழுப் பயற்றை நாடும் இவ்வண்டு உடைத்த பருப்பை அவ்வளவாக நாடுவதில்லை. ஆதலால் பல திங்களுக்கு வாங்குவோர் உளுந்தையும் துவரையையும் பருப்பாக உடைத்து வைத்தல் நலம். முழுத் துவரையாகவே வைக்க வேண்டின், செம்மண் கரைசலைப் பூசி வெயிலில் காயவைக்கும் பழைய வழக்கம் உண்டு. மண்பூச்சு ஏறிய மணியில் வண்டு முட்டையிடுவது அரிதாகிறது. நல்ல வெயிலில் உலர்த்தி, சூடு ஆறிய பின்னர் இறுக மூடும் கலத்தில் இடுதலும் பயன் தரும். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், தானியத்துக்குள் செருகி வைக்கும் துளையுள்ள குழாய்ப் பொறி ஒன்றை உருவாக்கியுள்ளனர். காற்றோட்டத்தை நாடி ஊர்ந்து வரும் வண்டுகள் துளை வழியே குழாய்க்குள் புகுந்து அடியிலுள்ள கிண்ணத்தில் விழுந்துவிடும். கலத்தில் வண்டு உண்டா என்று அறிவதற்கும், உள்ளவற்றைக் குறைப்பதற்கும் அது உதவுகிறது.

அரிசியைப் பொறுத்தவரை, காத்து வைப்பதால் மற்றுமொரு நன்மை உண்டு. புதிய அரிசி குழைந்து ஒட்டும். சில திங்கள் இருந்த பழைய அரிசி உதிரியாக வெந்து மிகுந்து காணும். ஆகவே இடமும் உலர்ந்த சூழலும் உள்ள குடும்பம் அரிசியை மூட்டையாக வாங்குதல் தகும். புழுங்கல் அரிசி, மணி இறுகியிருத்தலால், பச்சரிசியினும் வண்டுக்குச் சற்று எளிதில் இடம் கொடாது. நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றியே பெறும் குடும்பம், அதனைக் கழித்து எஞ்சிய தேவைக்கு மட்டும் கணக்கிட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் இது பல வீடுகளில் மறக்கப்படுகிறது.

வண்டினும் கொடியது பூஞ்சணம். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாத நோயால் மாண்டன. ஆராய்ந்தபோது, அவற்றுக்குத் தீவனமாக இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் பற்றியிருந்ததும், அது உண்டாக்கிய நஞ்சே அழிவுக்குக் காரணம் என்பதும் புலனாயின. அஃப்ளடாக்சின் என்று அந்நஞ்சுக்குப் பெயரிட்டனர். அது மனிதரின் கல்லீரலையும் தாக்கும்; புற்றுநோய்க்கும் காரணமாகும். சமைக்கும் சூட்டில் முற்றும் அழிவதுமன்று. நிலக்கடலையும், சரியாக உலராத வற்றல் மிளகாயும் இப்பூஞ்சணத்துக்கு இடமாகக் கூடியவை. மிளகாயை மொத்தமாக வாங்குவோர் அதனைக் குலுக்கிப் பார்ப்பர். உள்ளே விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும். தோலை நசுக்கினால் வளையாமல் நொறுங்க வேண்டும். காம்படி கறுத்தும் தோல் பதமாகவும் உள்ள மிளகாய், எவ்வளவு மலிவாயினும் மலிவன்று. பூஞ்சணம் பிடித்த கடலையைப் பொறுக்கித் துடைத்து உண்பதைவிட எறிந்துவிடுவதே அறிவுடைமை.

புளி இதற்கு மாறானது. புளிப்பே அதற்குக் காவல். கொட்டையும் கோதும் நீக்கி, வெயிலில் காட்டி, உப்பிட்டுப் பானையில் அடைத்து வைத்தால் ஓராண்டு நிற்கும். நாள் செல்லச் செல்ல நிறம் கறுக்கும். குழம்புக்குப் பழம்புளியையே விரும்புவோரும் உளர். ஆண்டுக்கு ஒரு முறை வாங்கத் தக்க பண்டங்களுள் இதற்கே முதலிடம் தரலாம். உப்பும் கெடாது, ஆனால் ஈரத்தை இழுத்துக் கசியும். அயோடின் சேர்த்த உப்பாயின், திறந்து வைக்கும் காலம் நீள நீள அயோடின் குறையும். எனவே மூடிய கலமும், சில திங்களுக்கு மேற்படாத அளவும் பொருந்தும். வெல்லமும் கருப்பட்டியும் கோடையில் கல்லாக இருந்து, மழையில் இளகும்.

எண்ணெய்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. காற்றும் ஒளியும் வெப்பமும் எண்ணெயைத் தாக்கிக் காறல் வாடையை உண்டாக்குகின்றன. நல்லெண்ணெயில் இயற்கையாகவே அமைந்த சில பொருள்கள் இத்தாக்குதலைத் தடுத்து நிற்கின்றன; ஆதலின் அது நெடுநாள் கெடாது. ஊறுகாய்க்கு நம் பெண்டிர் அதனைத் தேர்ந்தது வெறும் சுவைக்காக அன்று. கடலை எண்ணெய் அத்துணை நாள் பொறாது. தகரத்தில் வாங்கினால், திறந்த பிறகு அன்றாடம் அதிலிருந்தே முகப்பதை விடுத்துச் சிறு கலத்தில் மாற்றிக்கொண்டு, பெருங்கலத்தை மூடியே வைத்தல் வேண்டும்.

பொடித்த பொருள் எதுவும் மொத்தமாகக் கொள்ளத் தக்கதன்று. முழு மல்லியும் மஞ்சள் கிழங்கும் மிளகும் தம் மணத்தைத் தோலுக்குள் அடக்கி வைத்திருக்கின்றன. பொடித்த கணமே மணம் காற்றில் கலக்கத் தொடங்குகிறது. காப்பித்தூளின் செய்தியும் இதுவே. ஒரு வாரத்துக்கு மேல் காப்பித்தூள் வாங்குவோர், இரண்டாம் வாரத்தில் நிறத்தை மட்டுமே குடிக்கின்றனர். கற்பூரம் டப்பாவில் இருந்தபடியே ஆவியாகிக் குறையும். சவர்க்காரமோ இருக்க இருக்க நீர் வற்றி இறுகுகிறது. இறுகிய சவர்க்காரம் மெல்லக் கரைந்து நெடுநாள் உழைக்கிறது. இருப்பு வைத்தலால் தரம் உயரும் பண்டங்கள் வீட்டில் மிகச் சில. துணியும் அவ்வாறே உலர்ந்த இடத்தில் நெடுநாள் நிற்பது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணியை மருத்துவமனைகள் பேரளவில் வாங்கி வைத்தல் இதனால் இயல்கிறது.

பண்டம் நிற்கும் என்று தெரிந்த பின்னர் எழும் வினா, பணம் நிற்குமா என்பது. ஒரு குடும்பத்துக்குத் திங்களுக்கு 2 கிலோ துவரம்பருப்பு வேண்டும் என்றும், சில்லறை விலை கிலோவுக்கு 160 ரூபாய், 10 கிலோவாக வாங்கினால் 150 ரூபாய் என்றும் கொள்வோம். ஐந்து திங்களுக்கு வேண்டிய 10 கிலோவைச் சில்லறையாக வாங்கினால் 1,600 ரூபாய். மொத்தமாக வாங்கினால் 1,500 ரூபாய். ஆதாயம் 100 ரூபாய். அதில் ஒரு கிலோ வண்டரித்துப் போயின், அதற்கு ஈடாக 160 ரூபாய்க்கு மீண்டும் வாங்க வேண்டும். அப்பொழுது ஆதாயம் போய் 60 ரூபாய் நட்டம் நிற்கும்.

இனி, பருப்பு கெடவே இல்லை. ஆனால் பணம் கடனாகப் பெற்றது என்று கொள்வோம். வழக்கமாகத் திங்கள்தோறும் பருப்புக்கு ஒதுக்கும் 320 ரூபாய் கையில் உண்டு. எஞ்சிய 1,180 ரூபாய் கடன். ஒவ்வொரு திங்களும் 320 ரூபாய் திருப்பினால், கடன் முறையே 1,180, 860, 540, 220 ரூபாய் என்று நான்கு திங்கள் நின்று தீரும். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியாயின் வட்டி மொத்தம் 56 ரூபாய். ஆதாயம் 44 ரூபாயாகச் சுருங்கும். நூற்றுக்கு ஐந்து வட்டியாயின் வட்டி 140 ரூபாய். 40 ரூபாய் நட்டம். பருப்பு ஒன்றே, விலையும் ஒன்றே. கடன் பெற்ற வாயில் மாறியதும் இலாபம் நட்டமாகிறது. மற்றும் ஒன்று உண்டு. அது கணக்கில் எழுதப்படாதது. நிறைந்த தகரத்திலிருந்து முகக்கும் கை தாராளமாக முகக்கும். நூற்றுக்கு ஏழு பங்கு மலிவாகக் கொண்ட எண்ணெயை நூற்றுக்குப் பத்துப் பங்கு மிகுதியாகச் செலவிடுவோர் எதனையும் மிச்சப்படுத்தியவர் ஆகார்.

பெரிய பொட்டலம் எப்பொழுதும் மலிவு என்னும் எண்ணமும் ஆராயத் தக்கது. சில சமயம் சிறு பொட்டலங்கள் இரண்டின் விலை, அதே எடையுள்ள பெரிய பொட்டலத்தின் விலையினும் குறைந்திருக்கும். 2021-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பொட்டலப் பொருள் விதிகளின்படி, ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராம் ஒன்றுக்கும், மிகுந்த பொட்டலத்தில் கிலோ ஒன்றுக்கும் என்ன விலை என்பதை அச்சிடுதல் வேண்டும். சிறிய எழுத்தில் உள்ள அவ்வெண்ணைப் படித்து ஒப்பிடும் வேலையை வீட்டிலுள்ள பள்ளி மாணவர் எளிதில் ஏற்கலாம்.

இத்தனை ஆராய்ச்சியும் கையில் முதல் உள்ளவர்க்கே பயன்படுவது போலத் தோன்றும். அது உண்மையே. அன்றாடக் கூலி பெறுவோர் எண்ணெயை ஐம்பது மில்லியாகவும் பருப்பை நூறு கிராமாகவும் வாங்கி, செல்வரைவிட மிகுந்த விலை கொடுக்கின்றனர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபோது, ஒரு திங்கள் பண்டம் வீட்டில் இருந்தோர்க்கும் இல்லாதோர்க்கும் இருந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. வறியவர் அறியாமையால் சில்லறையாக வாங்குகின்றனர் என்று கூறுவது பிழை. மொத்தமாக வாங்கும் முதல் அவர்களிடம் இல்லை; அவ்வளவே.

இதே இடர்ப்பாட்டை இங்கிலாந்தின் ராச்டேல் என்னும் ஊரில் வாழ்ந்த நெசவாளர் முதலிய எளிய தொழிலாளர் எதிர்கொண்டனர். இராசபாளையத்தைப் போலவே அதுவும் ஆலைகள் நிறைந்த ஊர். கூலியோ குறைவு, கடைகளில் கலப்படமோ மிகுதி. அவர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் தமக்கெனச் சிறு கடை ஒன்றைத் திறந்தனர். முதலாவது வாங்கி வைத்தவை வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகிய சிலவே. அனைவர் வீட்டிலும் அன்றாடம் செலவாகும் பொருள்களை மட்டும் அவர்கள் தேர்ந்தெடுத்தமை நோக்கத் தக்கது. விரைவில் விற்றுத் தீரும் பொருள் கெடுவதற்கும் முதல் முடங்குவதற்கும் இடம் தராது. ஆதாயத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பகிர்ந்தனர். அம்முறை உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம், நுகர்வோர் கூட்டுறவில் முன்னோடியாக விளங்கியது.

அத்துணைப் பெரிய அமைப்பு இன்றியும் ஒரு தெருவார் இதனைச் செய்யலாம். ஐந்து குடும்பத்தார் கூடி விருதுநகரில் ஒரு மூட்டை மல்லியோ மிளகாயோ கொண்டு, அனைவர் கண்முன்னும் நிறுத்துப் பகிர்ந்துகொள்ளின், மூட்டை விலையும் கிடைக்கும். ஒருவர் வீட்டிலும் ஆறு திங்கள் சரக்குத் தேங்காது. வண்டுக்கு மூன்றாம் திங்கள் வாய்க்கு முன்னரே பண்டம் அடுப்புக்குப் போய்விடும். பண்டிகைச் சீட்டுகளும் இத்தகைய நோக்கத்தில் தோன்றியவையே. திங்கள்தோறும் சிறு தொகை கட்டித் தீபாவளிக்குப் பலசரக்கு பெறும் அம்முறையில், பணம் ஓராண்டு பிறர் கையில் வட்டியின்றி இருக்கிறது. பிடித்து நடத்துவோர் ஓடிப்போனால் முதலும் போகிறது. சீட்டில் சேர்வோர் இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1989-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இவ்வகையில் வேறு ஒரு வழியைத் திறந்துள்ளன. குழுவினர் தம் சேமிப்பைத் தமக்குள்ளேயே குறைந்த வட்டிக்குக் கடனாக வழங்கிக்கொள்கின்றனர்; செலுத்தும் வட்டியும் குழுவிலேயே தங்குகிறது. மேலே கண்ட 10 கிலோ பருப்புக்கு மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டியில் அவ்வாறு கடன் பெற்றால், நான்கு திங்களுக்கும் ஆகும் வட்டி 28 ரூபாய். பருப்பை வெயிலில் காயவைத்து வண்டு அணுகாமல் காத்த குடும்பத்துக்கு அப்பொழுது 72 ரூபாய் மிஞ்சும்.